கரையில் கிடந்த படகு

நவம்பர் 4, திங்கள்

செர்வர் மறுபடியும் விழுந்தது. காபியை வாயில் வைக்கும்போது துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பிச்சையா அழைத்தார், படகுகளைக் காட்டும் மேப் வெள்ளையாகிவிட்டதாம். நான் மேசைக்குப் போய் உட்காருவதற்குள் அதுவே எழுந்துகொண்டது. விழுந்தால் தானே எழும்படி போன வருடம் செய்து வைத்தவள் நான்தான். அதனாலேயே எத்தனை முறை விழுந்தாலும் இங்கே யாருக்கும் உறைப்பதில்லை.

முதலாளி நெல்சன் சாரிடம் போய், இது மாதக்கணக்கில் நடக்கிறது, காரணம் பார்க்க வேண்டும் என்றேன். எழுந்துகொள்கிறதல்லவா என்றார். உங்கள் ஸ்கூட்டர் தினமும் நடுரோட்டில் நின்று, தானே கிளம்பினால் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பீர்களா என்று கேட்டேன். சிரித்தார். சரி பார், வேறு வேலை கெடக்கூடாது என்றார்.

இந்தக் கரையில் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகும் ஒவ்வொரு படகிலும் ஓர் ஆரஞ்சுப் பெட்டி இருக்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் செயற்கைக்கோள் வழியாக அவ்வப்போது சொல்லும். ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். எல்லாம் வந்து சேருவது எங்கள் செர்வருக்கு. ஐந்து பேர் கம்பெனி. மென்பொருளில் பாதிக்கு மேல் என் கையெழுத்து.

இன்று கிராஷ் டம்ப்பை இயக்கி வைத்தேன். ஒரு நிரல் செத்து விழும் நொடியில் அதன் நினைவகத்தில் என்ன இருந்ததோ அத்தனையையும் ஒரு கோப்பில் கொட்டி வைக்கும் ஏற்பாடு அது. பிரேதப் பரிசோதனைக்கு உடல் வேண்டுமல்லவா. எங்கள் செர்வரில் அதன் உச்ச அளவு பூஜ்யம் என்று இருந்தது. செத்தவனைச் செத்த இடத்திலேயே எரித்துவிடு என்று பொருள். அளவைத் திறந்துவிட்டேன். சோதிக்க நானே செர்வரைக் கொன்றேன். பிச்சையா உடனே அழைத்துத் திட்டினார். கோப்பைத் தேடினால் கோப்பு இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது, தானாக எழுப்பிவிடும் சேவைக்கென்று தனியாக ஒரு வரம்பு உண்டு, அங்கேயும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு மறுபடி கொன்றேன். மறுபடி பிச்சையா. ஆனால் கோப்பு வந்துவிட்டது.

வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்கிறது. தில்லையிடம் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன். கணவன்மார் கூப்பிடும் மெக்கானிக்குகள் வருவதில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

டம்ப்பைத் திறந்தால் வெறும் எண்கள். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நிரலிலிருந்து பகுதிகளின் பெயர்களையெல்லாம் உரித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறோம். எந்தப் பகுதியில் செத்தது என்பதற்கு ஒரு நீண்ட எண் மட்டும். பெயர்களோடு மறுபடி கட்டி ஏற்றினேன். இனி விழுந்தால் படிக்கலாம். விழட்டும் என்று காத்திருக்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 6, புதன்

காற்றழுத்தத் தாழ்வு. மாலையிலிருந்து மழை. செர்வர் இரண்டு முறை விழுந்தது. மெக்கானிக் வரவில்லை.

நவம்பர் 7, வியாழன்

படகுகளெல்லாம் திரும்பிவிட்டன, ஒன்றைத் தவிர. 'கடல்ராணி'. ஓட்டுபவர் கஸ்பார். கூட அவர் மச்சான் சூசை, வியாகுலம், ரூபன் என்று இன்னும் மூன்று பேர். கஸ்பாருடைய பெட்டியிலிருந்து கடைசியாக இடம் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பேட்டரி போயிருக்கும் என்கிறார் பிச்சையா. அந்த ஞாயிற்றுக்கிழமை இடத்தை வைத்து, மீட்புக் கப்பல் மேற்கே தேடுகிறது.

இதற்கு நடுவே செர்வர் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டு அறையில் மேப் போய்விடுகிறது. அங்கே இப்போது அதிகாரிகள் நிற்கிறார்கள், எனக்கு டம்ப்பைத் திறந்து பார்க்கவே நேரமில்லை.

நவம்பர் 8, வெள்ளி

பிரகாசி வந்தாள். கஸ்பாரின் மனைவி, சூசையின் அக்கா. கட்டுப்பாட்டு அறையில் கூட்டமாக இருக்கிறது, கம்ப்யூட்டர்காரர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நெல்சன் சார் என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் மேசைப் பக்கம் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் அதில் உட்கார்ந்து என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காலையிலிருந்து செர்வர் பொழுது தவறாமல் விழுந்தது. டம்ப் ஒவ்வொன்றும் ஆனை கனம். வட்டு நிரம்பிவிட்டதென்று எச்சரிக்கை வந்ததும் நெல்சன் சார் வந்து கத்தினார். காரணம் எல்லாம் பிறகு, முதலில் அந்தக் குப்பையை அழி, செர்வர் நிற்க வேண்டும், நாலு உயிர் என்றார். பிரகாசி பக்கத்தில் இருக்கிறாள் என்பது பாதியில்தான் அவருக்கு உறைத்தது. புதன், வியாழன் டம்ப்புகளை அழித்தேன். இன்றைய கோப்புகளை என் சொந்த ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டேன்.

ஒன்றைத் திறந்தேன். பெயர்கள் இருந்ததால் செத்த இடம் உடனே தெரிந்தது. போன வருடம் பிச்சையா கேட்டு நான் எழுதிக் கொடுத்த பகுதி. பழுது பார்க்கப் பட்டறையில் ஏற்றிய படகுகளில் தச்சர்களின் கை பட்டு, சிவப்புப் பொத்தான் அமுங்கிவிடும். கட்டுப்பாட்டு அறையில் மணி அலறும். அதற்காக, ஒரு படகைக் கரையேற்றினால் பிச்சையா அதன் பேரில் 'கரையில்' என்று குறிப்பார். அதன் பெட்டியிலிருந்து என்ன வந்தாலும் செர்வர் வாங்கித் தூர எறிந்துவிடும்.

எறிவதில்தான் கோளாறு. அவசரச் செய்தி என்றால், எறிந்த பிறகும் நாலு வரி தள்ளி அதையே எடுத்துப் படிக்கப் போகிறது. இலையை எடுத்த பிறகு ரசம் ஊற்றுவது மாதிரி. அங்கேதான் விழுகிறது. பட்டறையில் எவரோ பொத்தானின் மேலேயே சுத்தியலை வைத்துவிட்டு வேலை செய்கிறார் போலிருக்கிறது என்று சொன்னேன். நெல்சன் சார், யாரென்று பிறகு பார்ப்போம், முதலில் சரி செய் என்றார்.

எறிந்தால் எறிந்ததுதான், திரும்பிப் பார்க்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். பொழுது சாயும்போது ஏற்றினேன். விழவில்லை. பிரகாசியிடம், இனி விழாது அக்கா என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 9, சனி

ஒரு தடவைகூட விழவில்லை. அதிகாரிகள் முன்னால் மானம் தப்பியது என்று நெல்சன் சார் எல்லோருக்கும் பிரியாணி வாங்கினார். பிரகாசிக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. மழை விட்டுவிட்டது. நல்ல வெயில்.

நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

விடுமுறையிலும் வேலை. செர்வர் ஏன் அத்தனை முறை விழுந்தது என்று அறிக்கை கேட்கிறார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து வெள்ளிக்கிழமை டம்ப் ஒன்றை விரித்துப் பார்த்தேன். எறியப்பட்ட செய்தி நினைவகத்தில் இன்னும் கிடந்தது. தலைப்பகுதியின் மேல் வேறு எதுவோ எழுதப்பட்டுவிட்டது, எறிந்த இடத்துக்கு அப்படித்தான் ஆகும். பெட்டி எண் இன்னோர் இடத்தில் பத்திரமாக இருந்தது. தேடிப் பார்த்தால் 'ஆரோக்கியம்' என்ற படகின் பெட்டி. அது கஸ்பாரின் மச்சான் சூசையுடைய படகு. அடிப்பலகை மாற்ற ஒரு மாதமாகப் பட்டறையில் கிடக்கிறது.

ஆனால் செய்தியில் இருந்த இடம் பட்டறை இல்லை. நடுக்கடல். பலகை கழற்றிய படகு நடுக்கடலுக்கு எப்படிப் போகும்? தலைப்பகுதி கெட்டதுபோல இதுவும் கெட்டுவிட்டது. 'சிதைந்த தரவு, பொருட்படுத்தத் தேவையில்லை' என்று அறிக்கையில் எழுதினேன்.

சாயங்காலம், கையால் துவைத்த நாலு நாள் துணிக்கும் இஸ்திரி போட்டேன். தில்லையின் கைக்குட்டைகளுக்குக்கூட. ஏன் இதெல்லாம் என்று கேட்டான். சும்மாதான்.

நவம்பர் 11, திங்கள்

காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் அடுத்த டம்ப்பைத் திறந்தேன். அதிலும் அதே பெட்டி. இடம் கொஞ்சம் மாறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். எல்லாமே ஒரே திசையில், வடகிழக்காக. சிதைந்த தரவு இப்படி நடந்து போகாது. அது கண்டபடி குதிக்கும்.

ஆபீசுக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனேன். தச்சர் ஒருவர்தான் இருந்தார். புதன்கிழமை மழை தொடங்கியதிலிருந்து பட்டறையில் வேலையே நடக்கவில்லையாம், நேற்றுத்தான் பூட்டைத் திறந்தாராம். ஆரோக்கியம் மரக்கட்டைகள்மேல் நின்றது. ஏணி வைத்து ஏறினேன். ஓட்டுபவர் அறைக்கு மேலே பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஸ்குரூ ஓட்டைகள் இருந்தன. அவ்வளவுதான். வெயில் படாத மரம் சதுரமாக வெளுப்பாகத் தெரிந்தது.

பெட்டி எங்கே என்று கேட்டேன். இதில் என்ன கேள்வி என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

"சூசையண்ணன் கழத்திக் கொண்டு போயிட்டாவ மேடம். மச்சான் பெட்டியில பேட்டரி நிக்கமாட்டேங்குன்னு சொன்னாவ. நம்ம படகுதான் கரையில கெடக்கே, இது சும்மா எதுக்கு இருக்குன்னு."

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. எங்கள் மென்பொருளில் பெட்டி என்றால் படகு, படகு என்றால் பெட்டி. ஒரு பெட்டி அடுத்த படகில் ஏறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே டார்ச் லைட்டையும் வலையையும் ஐஸ் பெட்டியையும் மாற்றி மாற்றி எடுத்துப் போகிறவர்கள் இதையும் எடுத்துப் போவார்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

புதன் மாலையிலிருந்து செர்வர் விழுந்ததெல்லாம் அவர்கள் கூப்பிட்டது. நாங்கள் பதில் சொல்லாததால் பெட்டி விடாமல் கூப்பிட்டிருக்கிறது. நான் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை விழாமல் செய்தேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போயிருக்கிறது. செர்வர் விழாததால் டம்ப்பும் இல்லை.

ஆபீசுக்கு ஓடி, ஆரோக்கியத்தின் பேரில் இருந்த 'கரையில்' என்ற குறிப்பை எடுத்தேன். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பெட்டி செத்துவிட்டது. பிரகாசி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். என்னம்மா என்றாள். ஒன்றுமில்லை அக்கா என்றேன்.

ஒன்றுமில்லை என்றேன்.

நெல்சன் சாரை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இதை வெளியே கொடுத்தால் நாம்தான் எறிந்தோம் என்று ஆகிவிடுமே என்றார். ஆமாம் என்றேன். இன்னொரு படகு பார்த்ததாகச் சொல்லி இடத்தை மட்டும் கொடுக்கலாமா என்று கேட்டார். எந்தப் படகு, எப்போது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். அவர் கார் சாவியை எடுத்தார்.

மீட்பு அதிகாரி வடக்கத்திக்காரர். பதிவேட்டில் இந்தச் செய்தி எங்கே என்று கேட்டார். இல்லை, எழுதுவதற்குள் செர்வர் செத்துவிடும் என்றேன். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது என்றார். செத்த செர்வரின் நினைவகத்திலிருந்து என்றேன். லேப்டாப்பைத் திருப்பி எண்களைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவர் மேசைமேல் விரித்திருந்த கடல் வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். டம்ப் ஒன்றுக்கு ஒரு புள்ளி. வைத்து முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். இந்த மாதத்து நீரோட்டம் இப்படித்தான் போகும் என்று சொல்லி, புள்ளிகளைச் சேர்த்துத் தன் விரலால் இன்னும் மேலே நீட்டினார். தேடுகிற கப்பல் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. போனை எடுத்தார்.

நவம்பர் 12, செவ்வாய்

கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. வெயில் தாங்க முடியவில்லை. கார்த்திகை பிறக்கப் போகிற சமயத்தில் இப்படி ஒரு வெயிலா. மழை பெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் ஆகுமே.

பிரகாசியிடம் புது இடத்தில் தேடுகிறார்கள் என்று மட்டும் நெல்சன் சார் சொன்னார். அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 13, புதன்

கிடைத்துவிட்டார்கள். அதிகாரி விரல் வைத்த இடத்துக்குச் சற்று வடக்கே. மூன்று பேர் உயிரோடு. கஸ்பார் நேற்றே போய்விட்டார்.

நேற்று.

நவம்பர் 15, வெள்ளி

நேற்று அடக்கம் முடிந்தது. நான் போனேன். கடைசி வரிசையில் நின்றேன். இது யார் தெரியுமா, கம்ப்யூட்டரைத் தோண்டி மூணு பேரை எடுத்த பொண்ணு என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். வழிவிட்டு என்னை முன்னால் போகச் சொன்னார்கள். வியாகுலத்தின் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

இன்று செய்தித்தாளில் என் படம். நெல்சன் சார் அதை வெட்டி நோட்டீஸ் பலகையில் குத்தியிருந்தார். அவர் வெளியே போனதும் எடுத்துவிட்டேன்.

தில்லை சோறு பிசைந்து வைத்துவிட்டு, சாப்பிடு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

நவம்பர் 16, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சூசையிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது, பெட்டி எப்போது செத்தது என்று. அறிக்கைக்குத் தேவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உதடெல்லாம் வெடித்துக் கிடந்தார். ஆனாலும் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். செவ்வாய்க்கிழமை இன்ஜின் நின்றதாம். புதன்கிழமை காற்றில் தண்ணீர் டிரம் உடைந்து, ஒரே ஒரு கேன்தான் மிஞ்சியதாம். கஸ்பார் அதைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு மூடியால் அளந்து கொடுத்தாராம், யார் கெஞ்சினாலும் அதற்கு மேல் இல்லையாம். பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்களாம். செய்தி போய்ச் சேர்ந்தால் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும், அது எரியவே இல்லையாம்.

தொடர்ந்து சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பொழுது அடையுத நேரம் பச்ச எரிஞ்சுட்டு. ரூபன் சத்தம் போட்டு அழுதுட்டான். மச்சான்தான் சொன்னாவ, கரையில கேட்டுட்டாவ, விடிஞ்சா வந்துருவாவ, இனி எதுக்கு தண்ணிய பூட்டி வச்சிக்கிட்டுன்னு. கேன எடுத்து எல்லாருக்கும் வயிறு நெறைய ஊத்துனாவ. அவுகளும் குடிச்சாவ. பாட்டுகூடப் பாடுனாவ. மறுநா மத்தியானம் பெட்டி அணைஞ்சிபோச்சி. அதுக்கென்ன, சேதிதான் போயிட்டேன்னு இருந்தோம்."

அதற்குப் பிறகு மழை இல்லை. ஐஸ் அறையில் உருகிக் கிடந்த மீன் தண்ணீரைக் குடித்தார்களாம். கஸ்பாருக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, நிரலை வரிவரியாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

செய்தியை எறிகிற அந்தப் பகுதியின் கடைசி வரி எனக்கு மனப்பாடம். 'செய்தி கிடைத்தது' என்று பெட்டிக்குப் பதில் அனுப்பு. அந்தப் பதில் போனால்தான் பச்சை விளக்கு எரியும். புதனும் வியாழனும் செர்வர் அந்த வரிக்கு வந்து சேருமுன்பே செத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் விழாமல் செய்ததும் அந்த வரி வரை போயிருக்கிறது. செய்தியைத் தூர எறிந்துவிட்டு, கிடைத்தது என்று சொல்லியிருக்கிறது. அது விழுந்துகொண்டே இருந்திருந்தால் கஸ்பார் இன்னும் மூடியால் அளந்துகொண்டிருந்திருப்பார்.

நவம்பர் 17, ஞாயிறு

தில்லையிடம் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும், நீ வேண்டுமென்றா செய்தாய், நீ இல்லாவிட்டால் நாலு பேரும் போயிருப்பார்கள் என்றான். எல்லாம் சரிதான். நான் அவனிடம் கேட்டது அது இல்லை. பிரகாசியிடம் சொல்வதா வேண்டாமா என்று கேட்டேன். சொல்லி என்ன ஆகப் போகிறது என்றான்.

அவளுக்குத் தெரியாது. சாவுக்கு முன்னால் ஒரு நாளாவது புருஷன் சந்தோஷமாகத் தண்ணீர் குடித்தான் என்று நினைத்துக்கொண்டு இருக்கலாம். அப்படியே இருக்கட்டுமே. இதை எழுதும்போதே இது அவளுக்காக இல்லை, எனக்காக என்று தெரிகிறது.

நவம்பர் 18, திங்கள்

சொல்லவில்லை. அவளே வந்தாள்.

மத்தியானம். நெல்சன் சார் எழுந்து நின்றார். வழக்கமான நாற்காலி அங்கேயே கிடந்தது, யாருக்கும் அதை எடுத்துப் போட மனம் வரவில்லை. அவள் உட்காரவில்லை. தம்பி எல்லாம் சொன்னான் என்றாள். விளக்கு எரிந்ததை, தண்ணீர் குடித்ததை. அப்புறம் என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை அவுக கூப்பிட்டது கேட்டிருக்கு. கேக்காம வெளக்கு எரியாதுல்லா. ஆனா கப்பலு திங்கக்கிழமதான போச்சி. அது வரைக்கும் அந்தச் சேதி யாருகிட்ட இருந்துது?"

நெல்சன் சார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். டெக்னிக்கல் கோளாறு என்றோ என்னவோ. நான் எழுந்தேன்.

"என்கிட்டதாங்க்கா இருந்துச்சு" என்றேன்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெட்டி மாறியது, கரையில் என்று குறித்தது, எறிந்தது, விழுந்தது, விழாமல் செய்தது, விளக்கு ஏன் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்த்துவிட்டும் சிதைந்த தரவு என்று எழுதியது. அன்று நான் துணிக்கு இஸ்திரி போட்டதையும் சொன்னேன், அது எதற்கென்று தெரியவில்லை. அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"நா இங்கனதான உக்காந்திருந்தேன்" என்றாள். "அவுக கூப்பிடும்போது நா இங்கனதான் உக்காந்திருந்தேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் திரையைப் பார்த்தாள். மேப்பில் படகுகள் புள்ளி புள்ளியாக இருந்தன. அதிகாரிகள் போட்டிருந்த கடல் தடை நீங்கி நேற்றுத்தான் எல்லோரும் கடலுக்குப் போயிருக்கிறார்கள். கரையேற்றிய படகுகளின் பெயர்கள் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இருந்தன. அவற்றில் எந்தப் பெட்டி இப்போது எவர் படகில் இருக்கிறதோ.

"இப்ப அங்க இருக்கவியள்ல யாராவது கூப்பிட்டா கேக்குமா?" என்றாள்.

கேட்கும் அக்கா என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. ஆரோக்கியத்தின் குறிப்பை எடுத்துவிட்டேன், எறிகிற பகுதியையே வெட்டிவிட்டேன், சோதித்தும் பார்த்துவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை, இனி விழாது என்று இவளிடம்தான் சொன்னேன். அன்றும் சோதித்துத்தான் இருந்தேன்.

"தெரியலக்கா. பாத்துத்தான் சொல்லணும்" என்றேன்.

"பாரு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிச்சையாவை அழைத்து, பட்டறைக்குப் போய் ஒவ்வொரு படகிலும் ஏறி, பெட்டி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பொழுது சாயும்வரை அவர் ஒவ்வொரு படகாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று படகுகளில் பெட்டி இல்லை.